அப்பா திருப்பி அனுப்பிய எழுத்து

கோல்பரி,
1764 ஜூன் 18

என் அன்புக்கும், நல்ல நாள் பார்த்து மரியாதைக்கும் உரிய குவாக்கோ அண்ணனுக்கு,

ஜூபா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். பசுக்கள் சுகம். நம் எஜமானர் டீக்கன் பெல்லுக்கு மட்டும் மூட்டுவலி. ஆனாலும் பேருக்கேற்ற மணியாக விடிவதற்கு முன்பே ஒலித்துவிடுகிறார். நியூபோர்ட் பீப்பாய்ப் பட்டறையில் நீ எப்படி இருக்கிறாய்? உன்னை வாங்கிக்கொண்டு போனவர் இன்னும் வாத்து என்றுதான் கூப்பிடுகிறாரா? அவரைக் குறை சொல்ல முடியாது. குவாக்கோ என்று ஒரு பேர் இருந்தால் குளத்தில் விட்டுப் பார்க்கத்தான் தோன்றும்.

சேதிக்கு வருகிறேன். நம் அப்பா கவர்னர் ஆகிவிட்டார். வெள்ளைக்காரர்கள் தங்கள் கவர்னரைத் தேர்ந்தெடுத்து முடித்த கையோடு வருஷா வருஷம் போல நம் கறுப்பு ஆட்கள் தேர்தல் திருநாளுக்கு மைதானத்தில் கூடி, "குவாஷ், குவாஷ்" என்று அப்பா பேரைக் கத்தித் தூக்கிவிட்டார்கள். அவர்கள் கவர்னருக்கு வருஷம் முழுக்க அதிகாரம். நம் கவர்னருக்கு ஒரு நாள் டீக்கனின் பழைய கோட்டும் மரக்கத்தியும், மறுநாள் அதே மாட்டுவண்டி. அப்பா பீப்பாய் மேல் ஏறிப் பேசினார்: "இன்னையிலேருந்து என் ஆட்சி. கோழி திருடுறவன் எல்லாம் ஒரு தொடையை கவர்னர் வீட்டுல குடுத்துட்டுப் போயிரணும்." சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

சிரிக்காத ஒரே ஆள் ஊர் நீதிபதி மேஜர் கோட்டன். வைக்கோல் போர் மாதிரி ஒரு பொய்முடியை மாட்டிக்கொண்டு குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். "இந்தக் கூத்தை அடுத்த வருஷம் நிறுத்திருவேன்" என்றார். அப்பா குனிந்து வணங்கி, "துரை, மாடுகூட வருஷத்துக்கு ஒரு தரம் துள்ளும்ங்க" என்றார்.

கவர்னர் என்றால் ஆணை பிறப்பிக்க வேண்டாமா? அப்பாவுக்கு எழுதத் தெரியாது. யாராவது உதவுவார்களா என்று பார்க்கிறேன். யார் என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
கவர்னர் மாளிகை இளவரசி
ஜூபா


நியூபோர்ட்,
ஜூன் 29

அன்புத் தங்கை ஜூபாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்குத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். படகுக்காரர் ஐசக் கடிதத்தோடு அப்பா கொடுத்த பீன்ஸ் பையையும் தந்தார். கவர்னருக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. டீக்கனின் மகள் சின்னம்மா கல்யாணமாகிப் போவதற்கு முன்னால், பொம்மைக்குப் பதிலாக உன்னை உட்கார வைத்துப் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினாள். நீ எழுதப் படித்தது அப்படித்தான். அது உனக்கும் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியே இருக்கட்டும். நான் பீப்பாய்க்குக் குறி போடக் கற்றவன். என்னை யாரும் கேட்க மாட்டார்கள். அடுப்படிப் பெண் பேனா பிடிக்கிறாள் என்றால் கேட்பார்கள்.

இங்கே போன மாதம் ஒருத்தன் குடித்துவிட்டு, "இந்தத் துறைமுகம் எரிஞ்சா நல்லா வெளிச்சமா இருக்கும்" என்று சொன்னான். சொன்னதோடு சரி. அவன் இன்னும் சிறையில் இருக்கிறான்.

கடிதத்தில் பேர் போடாதே.

உன் அண்ணன்


கோல்பரி,
ஜூலை 23

அண்ணனுக்கு,

நான் சுகம். அப்பா உடம்பளவில் சுகம்.

மேஜர் கோட்டனின் கொட்டகை எரிந்துவிட்டது. போன வாரம் மழையோடு மழையாக வைக்கோலை ஏற்றச் சொன்னார். டீக்கன் இரவலாக அனுப்பியதால் அப்பாதான் வண்டி ஓட்டினார். "ஈரமா அடைச்சா உள்ளேயே வெந்துரும் துரை" என்று அப்பா சொன்னதை நானே கேட்டேன். வெந்தது, புகைந்தது, எரிந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டவரும் அப்பாதான்.

ஆனால் எரிவதற்கு முன்பே கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். கவர்னர் குவாஷ் ஆணை என்று போட்டிருந்ததாம். மேஜர் அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார். தீ அணைந்ததும் எடுத்து அப்பா முகத்துக்கு நேரே பிடித்து, "இது யார் எழுதினது?" என்று கேட்டார்.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு, "நான்தான் துரை" என்றார்.

இப்போது சிறையில் இருக்கிறார். செப்டம்பரில் நீதிமன்றம் கூடும். தீ வைத்ததற்கு என்ன தண்டனை என்று உனக்குத் தெரியும்.

ஜூபா


நியூபோர்ட்,
ஆகஸ்ட் 3

ஜூபாவுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் பொய். அப்பாவுக்குச் சாப்பாடு போகிறதா? இருமல் இருக்கிறதா? டீக்கன் அவருக்காகப் பேசினாரா?

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது? ஓர் எழுத்துகூடத் தெரியாத மனிதர் ஏன் அதைத் தான் எழுதியதாகச் சொல்ல வேண்டும்? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

உன் அண்ணன்


கோல்பரி,
ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் இருக்கிறது. சாப்பாடு நான்தான் கொண்டுபோகிறேன். தினமும் ஒரு சோள ரொட்டி. சிறைக்காவலர் அதைப் பாதியாக உடைத்து, உள்ளே அரம் இருக்கிறதா, கத்தி இருக்கிறதா என்று பார்க்கிறார். நான் சுடுகிற ரொட்டியையே அரமாக வைத்துக் கம்பியை அறுக்கலாம் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

சிறைச் சன்னல் தெருப்பக்கம். கம்பி வழியாகப் பேசலாம். ஒரு நாள் அப்பா கேட்டார்: "ஏ புள்ள, என் பேர் எழுதுனா எப்படி இருக்கும்?"

"அசிங்கமாத்தான் இருக்கும். ஏம்ப்பா?"

"சாகிறதுக்குள்ள அதை ஒரு தரம் பாத்துரணும்."

"யாரு சாகப் போறா? சும்மா இருங்க."

ஆனால் கேட்டுவிட்டாரே. மறுநாள் ரொட்டி வேகும் முன் மேலே முள்கரண்டியால் குத்திக் குத்தி அவர் பேரின் முதல் எழுத்தான Q-வைப் போட்டேன். காவலர் உள்ளேதான் பார்க்கிறார், மேலே பார்ப்பதில்லை. அவருக்கும் எழுத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அன்றிலிருந்து நாளுக்கு ஓர் எழுத்து. அப்பா எல்லாவற்றுக்கும் வண்டிக்காரப் பேர் வைக்கிறார். சக்கரம், நுகத்தடி, ஏணி, பாம்பு. நகத்தால் சுவரில் கீறிப் பழகிவிட்டு அப்புறம்தான் தின்கிறார். "எழுத்துக்கு உப்பு பத்தல" என்று நேற்றுப் புகார் வேறு. பேர் முடிந்துவிட்டது. இப்போது இரட்டை மலை வேண்டுமாம். அது M, அம்மா பேரின் முதல் எழுத்து. மிம்பா என்று எழுதிப் பார்க்கப் போகிறார் போலும். நான் எதுவும் கேட்கவில்லை.

ஐசக் கிளம்புகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜூபா


நியூபோர்ட்,
ஆகஸ்ட் 27

தங்கைக்கு,

நான் கேட்டது ஒரே கேள்வி. நீ ரொட்டி சுட்ட கதையை எழுதியிருக்கிறாய். பதில் கிடைத்துவிட்டது.

கோபம் தீரும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே பீப்பாய்க்கு வளையம் அடித்தேன். மூன்று வளையம் பிளந்துபோயிற்று. இப்போது கேள். நீ போய், "நான்தான் எழுதினேன்" என்று சொன்னால் அப்பாவை விட்டுவிடுவார்கள் என்று நினைக்காதே. நீ எழுதினாய், அப்பா கொளுத்தினார் என்று இரண்டு கயிறு போடுவார்கள். அப்பா ஒன்றோடு நிறுத்தப் பார்க்கிறார். அதைக் கெடுத்துவிடாதே.

சத்தியமாகச் சொல்கிறேன், ஜூபா. வாயை மூடிக்கொண்டிரு. பேர் போடாதே.


கோல்பரி,
செப்டம்பர் 21

அண்ணனுக்கு,

சுகமா? இவ்வளவு நாள் எழுதாததற்கு என்னைத் திட்டியிருப்பாய். எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை.

ஆமாம். நான்தான். மேஜரின் பொய்முடியும் அவர் கொட்டகை வைக்கோலும் ஒரே நிறமாக இருப்பதால் மாடுகளுக்குக் குழப்பமாக இருக்கிறது, இரண்டில் ஒன்று போக வேண்டும் என்று எழுதி, பால் கறக்கப் போகிற வழியில் ஒட்டினேன். அவ்வளவுதான். பொய்முடி போகும் என்று நினைத்தேன். வைக்கோல் போய்விட்டது.

நீதிமன்றத்தில் அதை மூன்று தரம் படித்தார்கள். மேல் மாடத்தில் இருந்த வெள்ளைப் பையன்கள் முதல் தரம் சிரித்தார்கள். மூன்றாம் தரம் யாரும் சிரிக்கவில்லை. "இரண்டில் ஒன்று போக வேண்டும்" என்ற வரியை மட்டும் அரசு வக்கீல் விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். அப்பா அந்த விரல் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியை அப்பா வாயால் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். தேர்தல் திருநாள், கவர்னர் பட்டம், மரக்கத்தி எல்லாமே கலகம் என்றார்கள். நான் மாடத்தில் எழுந்து நின்றேன். அப்பா திரும்பி மேலே பார்த்தார், காதைச் சொறிந்தார். சின்ன வயசில் டீக்கன் வீட்டில் நாம் சிரிக்கக் கூடாத இடத்தில் அவர் அப்படித்தானே செய்வார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் மூன்றாம் வெள்ளிக்கிழமை தூக்கு.

ஆனால் அழுதுகொண்டிருக்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. உன்னிடம் சொன்னால் வேண்டாம் என்பாய், ஆகவே சொல்லப் போவதில்லை.

அப்பா எழுத்து கேட்பதை நிறுத்தவில்லை. கவிழ்ந்த மலை வேண்டும் என்றார். பல் இல்லாத சீப்பு வேண்டும் என்றார். எதற்கு என்றால், "பொழுது போகணும்ல" என்கிறார். ஒரு நாள் நானாகவே என் பேரின் முதல் எழுத்தைக் குத்தி அனுப்பினேன். கொக்கி மாதிரி இருக்குமே J, அது. அந்த ரொட்டியை மட்டும் கடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கொக்கி வேணாம் புள்ள, தொண்டையில மாட்டிக்கும்." பெற்ற பெண்ணின் எழுத்து தொண்டையில் மாட்டுமாம். நானே தின்றேன்.

ஜூபா


நியூபோர்ட்,
அக்டோபர் 1

ஜூபா,

இது கையில் கிடைத்த நிமிஷமே ரொட்டியில் எழுத்து போடுவதை நிறுத்து.

அப்பா பேரை நான் எழுதிப் பார்த்தேன். அம்மா பேரையும், உன் பேரையும், என் பேரையும். கவிழ்ந்த மலை, அந்த W, நம் நாலு பேர் பேரிலும் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். வக்கீல் விரலால் தட்டிக் காட்டினாரே, அந்த வரியில், TWO என்ற சொல்லில் இருக்கிறது.

யாராவது ஒரு நாள், "நீ எழுதவே இல்லை" என்று சொல்லிவிடுவார்களோ என்று அப்பா பயப்படுகிறார். அந்த நாளுக்குத் தயாராகிறார். உன் யோசனை எதுவானாலும் அதைச் செய்யாதே.

காற்று எதிர்த்து அடிக்கிறது. ஐசக் கிளம்ப முடியாமல் கரையில் நிற்கிறார். நானும் அவர் பக்கத்தில் நின்று கடலைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.


கோல்பரி,
அக்டோபர் 4

என் அருமை வாத்து அண்ணனுக்கு,

சுகம், சுகம், இன்னொரு தரம் சுகம். உன் கடிதம் எதுவும் வரவில்லை. புயல் என்கிறார்கள். நல்லதுதான், உன் திட்டு நனைந்துபோகட்டும்.

யோசனை பலித்துவிட்டது. வியாழக்கிழமைப் பிரசங்கத்துக்கு ஊரே கூடியிருந்தபோது, மேஜர் வீட்டு வாசலில் ஒரு புதிய ஆணை முளைத்தது. "கவர்னர் உள்ளே இருக்கிறார், ஆணை வெளியே இருக்கிறது. பொய்முடி இன்னும் பாக்கி." அதே கையெழுத்து. அதே தாள். சிறைக்குள் இருப்பவர் எப்படி வந்து ஒட்டியிருப்பார்?

ஊரே பிரசங்கத்தை விட்டுவிட்டு இதைப் பேசுகிறது. பாதிரியார் யோசிக்கிறார். வண்டி ஓட்ட ஆள் இல்லாமல் நம் டீக்கனுக்கும் திடீரென்று கருணை ஊறிவிட்டது. "குவாஷுக்கு எழுதத் தெரிஞ்சதா நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்று சொல்லிவிட்டார், அதுவும் எல்லார் முன்னாலும். நாளைக்கு நீதிபதிகள் முன்னால் அப்பா கையில் பேனா கொடுத்து அந்த வரியை எழுதச் சொல்லப் போகிறார்கள். எழுத முடியாவிட்டால், தாள் அவருடையது இல்லை. தாள் அவருடையது இல்லை என்றால் தீயும் அவருடையது இல்லை.

மேஜர் மட்டும் குதிக்கிறார். "அவன் இல்லேன்னா வேற எவனோ. ஊர்ல இருக்கிற கறுப்பு ஆளுங்க ஒவ்வொருத்தர் கையிலயும் பேனாவைக் குடுத்து எழுத வைப்பேன். எவன் கை ஒத்துப்போகுதோ அவனுக்குக் கயிறு." எழுத வைக்கட்டும். துடைப்பத்தைப் பிடிக்கிற மாதிரி பேனாவைப் பிடித்து, நிலத்தைப் பெருக்கிவிட்டு வருகிறேன்.

சன்னலில் போய்ச் சொன்னேன். "அப்பா, நாளைக்கு ஒன்னும் தெரியாத மாதிரி கிறுக்கிட்டு வந்துருங்க. கத்துக்கிட்டது எல்லாத்தையும் மறந்துருங்க."

"மேஜர் அப்புறம் எல்லாரையும் எழுத வைப்பாராமே? காவக்காரர் சொன்னாரு."

"வைப்பாரு. என்னைவிட முட்டாளா இந்த ஊர்ல எவளும் இருக்க மாட்டா, பாருங்க."

அப்பா சிரித்தார். "சரி புள்ள. ரொட்டி நல்லா இருந்துச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கறி சமைக்கப் போகிறேன். திருடாத கோழி.

இப்படிக்கு,
மறுபடியும் இளவரசி
ஜூபா


கோல்பரி,
அக்டோபர் 9

அண்ணனுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது.

அப்பா பேனாவைக் கடப்பாரை மாதிரி பிடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அவர் மையைத் தொட்டு, தாளில் ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் இன்னொரு புள்ளி. அதன் பக்கத்தில் இன்னொன்று. கோடு இழுக்கவே இல்லை. முள்கரண்டியால் குத்துவதைத்தானே அவர் பார்த்திருக்கிறார். நெடுநேரம் ஆயிற்று. டீக்கன் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டில் ஒன்று போக வேண்டும். ஒரு பிழைகூட இல்லை.

பழைய தாளை வைத்து ஒத்துப் பார்த்தார்கள். சக்கரம் அதே சக்கரம், மலை அதே மலை. ஒத்துப்போகாமல் எங்கே போகும். அது என் கை. அவர் கைக்குள் போய் உட்கார்ந்திருந்தது. வாசலில் ஒட்டிய புதிய ஆணையை யாரோ விளையாட்டுப் பையன் பார்த்து எழுதியிருப்பான் என்று மேஜரே சொல்லிவிட்டார். இனி யார் கையிலும் பேனா கொடுக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

அப்பா காதைச் சொறிந்தார்.


நியூபோர்ட்,
அக்டோபர் 13

தங்கைக்கு,

வருவதற்கு அனுமதி கேட்டேன். கொடுக்கவில்லை. பட்டறையில் வேலை இருக்கிறதாம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது. அப்பாவிடம் அதைச் சொல். அவர் ஓட்டிய வண்டியில் நான் படுத்துக்கொண்டு போன வழியெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றும் சொல்.

சாப்பிடு. கேட்கிறதா, சாப்பிடு.


கோல்பரி,
அக்டோபர் 22

அண்ணனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் சாப்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சுற்று ஊரிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாடுகளுக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை என்று அப்பா வண்டிக்காரர்களைக் கடிந்துகொண்டார். அதுதான் கடைசியாக அவர் உரக்கச் சொன்னது.

முந்தின நாள் சன்னலுக்குப் போனேன். நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். அப்புறம் நான் கேட்டேன், "ஏம்ப்பா எழுதுனீங்க?"

"வண்டி சேத்துல முங்குனா ரெண்டு மாட்டையும் சாகக் குடுக்கக் கூடாது. ஒன்னை அவுத்து விட்டுறணும்." கொஞ்சம் இருமினார். "அதோட ரெண்டுல ஒன்னு போகணும்னு ஆணை இருக்குல்ல. கவர்னரே மீறினா ஊர் என்ன பேசும்?"

அந்த நேரத்திலும் விளையாட்டு. எனக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்.

அன்றைக்கு ரொட்டியில் நான் எதுவும் குத்தியிருக்கவில்லை. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எழுத்து எங்கே?" என்றார்.

"எல்லாம் முடிஞ்சு போச்சுப்பா."

"ஒன்னு பாக்கி இருக்கு. அந்தக் கொக்கி."

"அதைத்தான் நீங்க திருப்பிக் குடுத்துட்டீங்களே. தொண்டையில மாட்டும்னு."

"அது தெரிஞ்சிருந்தா உன் பேரை எழுதிப் பாத்திருப்பேன் புள்ள. சுவத்துல எங்கயாவது ஒரு தரம். கை நிக்காது. அதான் கத்துக்கல."

உள்ளே போய்ச் சுவரைப் பார்க்கக் காவலர் என்னை விட்டார். சக்கரம், ஏணி, பாம்பு, மலை, கவிழ்ந்த மலை. உன் பேர் இருக்கிறது. அம்மா பேர் இருக்கிறது. என் பேர் எங்கேயும் இல்லை.

நீ முதல் கடிதத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாய். இதில் பேர் போடவில்லை.